அங்க இருந்தவங்க மட்டும் நில்லுங்க

மேடம்,

வெள்ளிக்கிழமை காலை பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தப் பச்சைத் தொழுகை விரிப்பை எடுத்து மொட்டை மாடியில் உதறினேன். பூச்சி உருண்டை வாசனை குப்பென்று ஏறித் தும்மல் வந்தது. தும்மலுக்குப் பின்னாலேயே உங்கள் சிரிப்பும் வந்தது. இந்த விரிப்பைப் பார்த்துவிட்டு நீங்கள் சிரிக்காமல் போனதே கிடையாது. "மும்தாஜ், சொர்க்கத்து டிக்கெட்டப் பத்திரமா வெச்சிருக்கீங்களா?" என்பீர்கள். வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் டீ கொடுக்காமல் அனுப்பியிருப்பேன்.

உங்களுக்கு எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது. நான் கண்ணால் பார்த்தது எது, மகள் சொல்லிக் கேட்டது எது, நானாக ஊகித்தது எது என்று பிரித்து எழுதாவிட்டால், நீங்கள் எங்கிருந்தாலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்ப்பீர்கள். அந்தப் பார்வைக்கு இன்னும் பயப்படுகிறேன். 'எங்கிருந்தாலும்' என்று எழுதிவிட்டேன் பாருங்கள். நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

நான் பிறவிச் சந்தேகக்காரி. பால்காரர் ஊற்றும்போது நுரை அடங்கும்வரை பாத்திரத்தை எடுக்க மாட்டேன். ஆட்டோக்காரர் ரோடு மூடிவிட்டார்கள் என்றால் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் சுற்றுவழிக்குச் சம்மதிப்பேன். எட்டாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டார்கள். மிச்சத்தை நானே படித்துக்கொண்டேன். எங்கள் பாத்திரக் கடையின் கணக்கு இன்றும் என் கையில்தான். பில் இல்லாமல் ஒரு வரி ஏறாது. ஆனால் போனில் எங்கள் பெண்கள் குழுவில் தங்க நிற எழுத்தில், பிறை படம் போட்டு ஒன்று வந்தால் மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு நாலு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை. இந்த விரிப்பே அப்படி வந்த ஒரு செய்தியை நம்பி வாங்கியதுதான். இந்த மாதத்தில் புது விரிப்பில் தொழுதால் இத்தனை மடங்கு நன்மை என்று நபிமொழி இருப்பதாக அதில் போட்டிருந்தது.

அந்த வருஷம்தான் மகள் ஷாஹினா உங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். முதல் வாரமே நூலக வகுப்பில் நீங்கள் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தீர்கள். வீட்டில் எல்லோரும் நம்புகிற, போனில் வந்த ஒரு செய்தியைக் கொண்டுவர வேண்டும். அது எங்கிருந்து கிளம்பியது என்று நூலகத்தில் வைத்துத் தேடப் போகிறார்களாம். இவள் நூறு செய்திகளை விட்டுவிட்டு என்னுடைய விரிப்புச் செய்தியைக் கொடுத்திருக்கிறாள்.

எங்கள் வீட்டுக்காரர் சாதுவான மனிதர். அவரே சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்: "காலேஜுக்கு அனுப்புனது படிக்கறதுக்கு. மார்க்கத்த டெஸ்ட் வெக்கறதுக்கு இல்ல. நிறுத்திடு." ஷாஹினா அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் அவர் சொன்னதே சரி என்று பட்டது. ஆனாலும் பில்லைப் பார்க்காமல் கணக்கை மூடுகிற பழக்கம் எனக்கு இல்லை. நானே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அதற்குப் பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்றேன்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நான் மகளோடு பேசவில்லை. மனதுக்குள் உங்களோடு பேசிக்கொண்டு வந்தேன். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைகளிடம், அம்மா அப்பாவை நம்பாதே என்று சொல்லிக்கொடுக்கிற பெண்பிள்ளை எப்படி இருப்பாள் என்று ஒரு உருவமும் வரைந்து வைத்திருந்தேன். நீங்கள் அந்த உருவத்தில் இல்லை. தலையில் வாடின மல்லிகை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, சேலைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ. அதுவும் ஒரு வேஷமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு கடைசி மேஜையில் உட்கார்ந்தேன்.

நான் பார்த்தது இது. நீங்கள் பாடம் நடத்தவே இல்லை. திரையில் எதையும் காட்டவில்லை. பிள்ளைகளைச் சின்னச் சின்னக் கும்பலாகப் பிரித்து, ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு செய்தியைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டீர்கள். அவர்கள் போனிலும் கம்ப்யூட்டரிலும் தேடினார்கள், அலமாரிகளுக்கு ஓடினார்கள், ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டார்கள். நூலகத்தில் இவ்வளவு சத்தம் ஆகுமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. நீங்கள் நடுவில் புகுந்து கேள்வி மட்டும் கேட்டீர்கள். ஒரு பையன், நெட்டில் இதுதான் முதலில் வந்தது, அதனால் சரியாகத்தான் இருக்கும் என்றான். "பஸ்ல மொதல்ல ஏறுனவன்தான் யோக்கியன்னு சொல்லுவியா?" என்றீர்கள். அவன் பக்கத்திலிருந்தவன் அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

இன்னொரு கும்பலுக்கு, மாமல்லபுரத்துச் சரிவில் நிற்கிற அந்த உருண்டைப் பாறை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது என்ற செய்தி. அவர்களை நீங்கள் முந்தின வாரமே நேரில் அனுப்பியிருந்தீர்களாம். போய்விட்டு வந்த பெண் எழுந்து, பாறைக்கடியில் ஒரு ஆடு கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது, அதற்கு ஒரு பயமும் இருந்ததாகத் தெரியவில்லை என்றாள். வகுப்பு சிரித்தது. ஆடு தூங்கினால் பாறை நகரவில்லை என்று ஆகிவிடுமா என்று நீங்கள் உடனே கேட்டீர்கள். சிரிப்பு நின்றது. அந்தப் பெண் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி அலமாரிக்குப் போனாள். உங்கள்மேல் எனக்கு முதல் மரியாதை வந்தது அப்போதுதான். உங்களுக்குச் சாதகமான பதிலையும் நீங்கள் கேள்வி கேட்காமல் விடவில்லை.

பிறகு ஷாஹினாவின் கும்பலைக் கூப்பிட்டீர்கள். என்னையும் பார்த்து, நீங்களும் வாங்கம்மா என்றீர்கள். நான் படிக்க வரவில்லை, பார்க்க வந்தேன் என்றேன். "பார்க்கத்தான் கூப்பிடறேன்" என்றீர்கள்.

அந்த வரிசை விளையாட்டை நான் எப்படி மறப்பேன். செய்தி எனக்கு யார் மூலம் வந்தது என்று கேட்டீர்கள். எங்கள் குழுவை நடத்தும் ரஹ்மத் மூலம் என்றேன். ரஹ்மத்தாக ஒரு பெண்ணை எனக்கு முன்னால் நிறுத்தினீர்கள். அவளுக்கு யார் என்று அங்கிருந்தே ரஹ்மத்துக்குப் போன் போடவைத்தீர்கள். நாத்தனார் அனுப்பினாள் என்று அவள் சொன்னதும் நாத்தனாராக ஒரு பெண். இப்படியே பிள்ளைகள் ஒருவருக்கு முன் ஒருவராக அலமாரிவரை நின்றார்கள். அப்போதுதான் நீங்கள் சொன்னீர்கள்: "இந்த வார்த்தைய வாயால சொன்னப்போ அங்க இருந்தவங்க மட்டும் நில்லுங்க. அடுத்தவங்க சொல்லிக் கேட்டவங்க உக்காருங்க." ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். ஏன் நிற்கிறோம் என்று எனக்கே தெரியவில்லை. நானும் உட்கார்ந்தேன்.

ஷாஹினாவின் கும்பலில் ஒருத்தி, படத்தை வைத்தே படத்தைத் தேடுகிற வழியில் அந்தச் செய்தியின் பழைய உருவத்தைக் கண்டுபிடித்திருந்தாள். அதே பிறை, அதே தங்க எழுத்து. அடியில் மட்டும் எங்களுக்கு வந்ததில் வெட்டப்பட்டிருந்த ஒரு வரி இருந்தது. ஏதோ ஊரில் தொழுகை விரிப்பு விற்கும் ஒரு கடையின் விலாசம்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வாயெடுத்த ஒருவனை நீங்கள் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். ஆனாலும் என் கோபம் அடங்கவில்லை. வகுப்பு கலைந்ததும் உங்களிடம் வந்து, பாடம் நடத்த எங்கள் மார்க்கம்தான் கிடைத்ததா என்று கேட்டேன். நீங்கள் பதறவில்லை. நபிமொழி என்று ஒருவர் சொன்னால், யார் சொல்லி யார் கேட்டது, அவர் நம்பத்தகுந்தவரா என்று வரிசையாக ஆராய்கிற வழக்கம் உங்கள் முன்னோர்கள் வைத்ததுதானே, இந்த விளையாட்டையே நான் அங்கிருந்துதான் எடுத்தேன் என்றீர்கள்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னாங்க?" என்றேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, இப்பத்தான் நீங்க வகுப்புல சேந்தீங்க" என்று சொல்லி, அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து என் கையில் வைத்தீர்கள். அவற்றில் இருந்தது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை ஒரு நாளும் போனுக்கு முன்னால் எடுத்து வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். புறப்படும்போது நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். இதை நான் நேரில் கேட்டேன், ஷாஹினா சாட்சி. "சந்தேகம் வீட்ல உக்காந்துக்கிட்டே படலாம். விசாரிக்கணும்னா பஸ் ஏறணும். நீங்க ஏறிட்டீங்க."

மகள் படிப்பை நிறுத்தவில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம் கடை விலாசத்தைச் சொன்னபோது அவர், நம் கடைக்கும் இப்படி ஒன்று போடலாமா என்று கேட்டார். நான் முறைத்ததும் விளையாட்டுக்குச் சொன்னதாகச் சொன்னார். அதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

நீங்களும் செங்கல்பட்டுக்காரர், கொளவாய் ஏரிப் பக்கம் அண்ணனோடு இருக்கிறீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி எங்கள் வீட்டில் ஒரு டீ என்பது வழக்கமாயிற்று. ஆரம்பத்தில் அதையும் சந்தேகப்பட்டேன். இந்த அம்மா எதற்காக வருகிறாள்? சந்தேகம் வீண்போகவில்லை. எங்கள் குழுவில் வரும் செய்திகளை வகுப்புக்கு வாரிக்கொண்டு போகத்தான் வந்தீர்கள். உங்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள் குழுவில் வருவதை எனக்குக் காட்டினீர்கள். எந்தக் குழுவில் புளுகு அதிகம் என்று நமக்குள் போட்டி நடந்தது. நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்பது என் கட்சி.

உங்களை மடக்க எனக்கு ஒரு வழி இருந்தது. ராகு காலத்தில் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டீர்கள். டீ ஆறிக் கிடந்தாலும் உட்கார்ந்திருப்பீர்கள். "இதுக்கு ஆதாரம் இன்னா மேடம்?" என்பேன். "சில கதவ நான் தட்டறதில்ல மும்தாஜ். உங்களுக்கும் இருக்கும்" என்பீர்கள். இருந்தது. நாம் இரண்டு பேரும் ஒருவர் கதவை ஒருவர் தட்டாமலேதான் அத்தனை நாளும் டீ குடித்தோம்.

உங்களுக்கு உடம்புக்கு வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தது, நான் ஒரே ஒரு மாலை வந்து பார்த்தது, இரண்டு நாளில் நீங்கள் போனது எல்லாம் சீக்கிரம் நடந்துவிட்டது. அந்த மாலையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு, போன மாதம், ரஹ்மத் குழுவில் ஒரு செய்தி போட்டாள். கீழே உங்கள் படம் இல்லை, பேரும் இல்லை. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் மாற்று மதத்து டீச்சர் ஒருவர் கடைசி மூச்சில் தானாகவே கலிமா சொல்லி நம் மார்க்கத்துக்கு வந்தார், பக்கத்தில் இருந்த நர்ஸ் கேட்டு அழுதார், அந்த டீச்சர் மாமல்லபுரம் பக்கம் காலேஜ் நூலகத்தில் வேலை பார்த்தவர், கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்டிருப்பார் என்று இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன் மேடம். பொய் என்று முதலில் தோன்றவில்லை. உண்மையாக இருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. நான் நம்புகிற பெண். நான் நம்புகிறபடி பார்த்தால் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்ற கேள்வியை, நீங்கள் போன நாளிலிருந்து ஒவ்வொரு தொழுகையிலும் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். அதற்கு இத்தனை இனிப்பான பதில் போனில் வந்து நிற்கிறது. குழுவில் ஒவ்வொருத்தியாக மாஷா அல்லாஹ் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் விரலும் அந்த எழுத்துக்கு மேல் போய் நின்றது. அத்தனை இனிப்பாக இருந்ததாலேயே சந்தேகம் வந்தது. கடைசி மூச்சின்போது பக்கத்தில் இருந்தது உங்கள் அண்ணன் என்று கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி செங்கல்பட்டில் இருந்தது.

அன்று மாலையே எங்கள் வீட்டுக்காரர் கடையிலிருந்து முகம் கறுத்து வந்தார். உங்கள் அண்ணன் கடைக்கு வந்திருக்கிறார். யாரோ அவருக்கும் செய்தியைக் காட்டியிருக்கிறார்கள். உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரிக்கு எதற்கு வந்தார்கள், என் தங்கச்சியை என்ன செய்தார்கள் என்று கல்லாவுக்கு முன்னால் நின்று கேட்டாராம். "நாலு பேர் பாத்துகினு கீறாங்க. நா இன்னா சொல்றது?" என்றார் இவர். எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து உங்கள் அண்ணனைக் கைபிடித்து அழைத்துப் போயிருக்கிறார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பேச்சு கடைத்தெருவில் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் விட்டுவிடு, தானாக அடங்கும் என்றார். அடங்காது என்று எனக்குத் தெரியும். விரிப்புச் செய்தி இன்னும் வருஷா வருஷம் வருகிறது.

மறுநாள் உங்கள் வரிசையை நிறுத்த ஆரம்பித்தேன். ரஹ்மத்துக்கு அனுப்பியது கடப்பாக்கத்தில் இருக்கும் அவள் சின்னம்மா மகள் ஜமீலா. ரஹ்மத்திடம் இதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "நல்ல சேதிதானே? உனக்கு இன்னாத்துக்கு எரியுது?" என்றாள். எரியவில்லை, உறுதியாக வேண்டும் என்றேன். ஜமீலா, அது நாவலூரில் அடுக்குமாடியில் இருக்கும் தன் மகள் நிஷா சொன்னது, தான் கொஞ்சம் அழகாக எழுதி அனுப்பியதாகச் சொன்னாள். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்று கேட்டேன். பெரிய ஆஸ்பத்திரி என்றால் சென்னையில்தானே இருக்கும் என்றாள். நிஷாவிடம், நர்ஸ் யார் என்று கேட்டேன். நர்ஸ் இல்லை ஆன்ட்டி, எங்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற செல்வி சொன்னது என்றாள். செல்வியின் அம்மாவை அப்போது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவள் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். பக்கத்துப் படுக்கையில் ஒரு டீச்சரம்மா இருந்தார்கள்.

ஒரு பெண் நர்ஸாகி, செங்கல்பட்டு சென்னையாகி இருந்தது. ஆனால் வரிசையின் முனையில் உண்மையிலேயே அங்கே இருந்த ஒருத்தி நிற்கிறாள். அப்படியானால் உண்மையாக இருக்கலாம்.

செல்விக்குப் படாளம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாள் என்று நிஷா சொன்னாள். போனிலேயே கேட்டிருக்கலாம். நீங்கள் பஸ் ஏறணும் என்று சொன்னதால் ஏறினேன். ஷாஹினாவும் வந்தாள். அவளுக்கு இது கடைசி வருஷம். புதுப் பிள்ளைகளின் முதல் வார வகுப்பில் உங்கள் இடத்துக்கு வந்தவருக்கு உதவி செய்கிறாள். அவர் எல்லாவற்றையும் திரையில் ஓட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார், கடைசியில் பத்து நிமிஷம் கெஞ்சி வாங்கி நான் வரிசையில் நிறுத்துகிறேன் என்கிறாள். இது அவள் சொன்னது. அந்தப் புது மனிதரை நான் பார்த்ததில்லை, அதனால் இப்போதைக்கு ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கி, நெல் காயப்போட்டிருந்த சிமென்ட் தெருவில் விசாரித்துக்கொண்டு போனோம். செல்வி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பேரைச் சொல்வதற்குள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"பாயம்மா, நீங்கதான அது? டீச்சரம்மா கட்டிலாண்ட குந்திகினு ஓதுனது?"

எனக்குப் புரியவில்லை. நான் கேட்க வந்த கேள்வியைத் திரும்பக் கேட்டேன். டீச்சரம்மா கடைசியில் என்ன சொன்னார்கள், நீ கேட்டாயா என்று.

"எனக்கு எப்டிக் கேக்கும்? நா எங்கம்மாவுக்கு கஞ்சி குடுத்துகினு இருந்தேன். நீங்க ஓத ஓத அந்தம்மா வாய் அசஞ்சிச்சு. கூடவே சொல்றாங்கன்னு நெனச்சேன். எனக்கு ஒரு மாதிரி அழுகை வந்துடுச்சி. அதத்தான் நிஷாம்மாகிட்ட சொன்னேன். தப்பாம்மா?"

தப்பு இல்லை என்றேன். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். ஷாஹினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மாலையை இப்போது எழுதுகிறேன் மேடம். உங்கள் அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். கண்ணாடி மேஜைமேல் இருந்தது. அது இல்லாமல் உங்களை நான் பார்த்ததே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, நோயாளி குணமாக நாங்கள் ஓதுகிற துஆவை ஓதினேன். அது கலிமா இல்லை. உங்களைக் கேட்காமல் உங்கள் கதவைத் தட்ட எனக்கு மனம் வராது. அப்போது உங்கள் உதடு அசைந்தது. ஓதுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து, "இன்னா மேடம்?" என்றேன். மேலே மின்விசிறி கடகடத்தது. வெளியே தள்ளுவண்டி போனது. மறுபடி ஒரு தடவை அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. பிறகு உங்கள் கை என் கையைத் தொட்டது. உங்கள் அண்ணன் வந்துவிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு நீங்கள் போனபோது நான் அங்கே இல்லை.

ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் வரிசையின் முனையில் நின்றது நான்தான். எனக்கே வந்த செய்தி என்னிடமிருந்தே கிளம்பியிருந்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

படாளத்திலிருந்து நேராக உங்கள் வீட்டுக்குப் போனோம். உங்கள் அண்ணன் வாசல் கேட்டைத் திறக்காமல் நின்றார். நான் தெருவில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார்.

"உதடு அசைஞ்சது நிஜமா?"

"நிஜம்ணா."

"முருகான்னு சொல்லியிருப்பாளோ? அவளுக்கு அதுதான் வாயில வரும்."

அவர் முகத்தைப் பார்த்தேன் மேடம். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். கடைத்தெருப் பேச்சும் அடங்கியிருக்கும். எனக்கு என்ன குறைந்துவிடும்?

"எனக்குக் கேக்கலண்ணா" என்றேன்.

அவர் ஷாஹினாவைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். பிறகு கொக்கியைத் தூக்கினார். "உள்ள வாங்க. லைப்ரரிக்காரி, ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்கன்னுதான் சொல்லியிருப்பா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அவர் சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். அதற்கும் ஆதாரம் இல்லை என்று நான் அப்போது சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து குழுவில் எழுதினேன். 'அந்த டீச்சரின் பக்கத்தில் இருந்தது நான். ஓதியது நோய்க்கான துஆ. அவர் உதடு அசைந்தது, பார்த்தேன். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டதாகச் சொல்கிற யாரும் அங்கே இல்லை. அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள்.' ரஹ்மத் உடனே கூப்பிட்டாள். "நீ எங்க ஆளா, அவங்க ஆளா மும்தாஜு? நல்லதா ஒண்ணு நெனச்சுக்க விட மாட்டியா?" என்றாள். அந்த வரிசையில் நின்றிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஜமீலா குழுவைவிட்டே போய்விட்டாள். நிஷா மட்டும், செல்வியிடம் காட்டியதாகவும், 'பாயம்மா சரியாத்தான் எழுதிகீறாங்க' என்று அவள் சொன்னதாகவும் எழுதினாள். செய்தி வேறு குழுக்களில் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அடுத்த வருஷம் நீங்கள் சென்னையிலிருந்து மக்காவுக்கே போய்விடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் பெரிதாக எதையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு கேள்வியைக் கொடுத்தீர்கள், அங்கே யார் இருந்தார்கள் என்று. பால்காரரிடமும் கடை வாடிக்கையாளரிடமும் அதைக் கேட்பது சுலபம். நான் ஆசைப்படுகிறதிடம் கேட்பதுதான் கஷ்டம். அதற்கு நீங்கள் பாடம் எடுக்கவில்லை. தானாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை உதறிய விரிப்பை அன்று மதியமே விரித்தேன். கடைக்காரன் விளம்பரத்தை நம்பி வாங்கியதுதான், ஆனாலும் தொழுகைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. தொழுது முடித்துக் கையேந்தியபோது வழக்கம்போல், நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. இந்தத் தடவை விழுங்கவில்லை. அந்த வரிசையில் எனக்கும் முன்னால் நிற்கக் கூடியவன் அவன் ஒருவன்தான்.

"யா அல்லாஹ், நா அங்க இருந்தேன், எனக்குக் கேக்கல. நீயும் அங்க இருந்த. உனக்குக் கேட்டிருக்கும்."